விடலாம் என்று சொல்லும்வரை

அன்று காலையிலிருந்து எடுத்த படங்களில் ஒன்றுகூடக் கலங்கவில்லை.

வேறு யாரிடமாவது சொன்னால், நல்லதுதானே, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவளுக்கு அது செருப்புக்குள் புகுந்த சிறுகல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்யும் பருவம். ஊரில் பாதிப் பேருக்கு இருமல், மீதிப் பேருக்கு நாளைக்கு வரப்போகிறது. நெஞ்சுப் படம் எடுக்க வந்தவர்களின் வரிசை நடைவழி பெஞ்சுகளை நிரப்பி, மாடிப்படியையும் பிடித்துக்கொண்டுவிட்டது. இருமுகிற ஆளை அசையாமல் நிறுத்துவது லேசுப்பட்ட காரியம் அல்ல. மூச்சைப் பிடிக்கச் சொல்லும் அந்த நொடிக்காகவே காத்திருந்தது மாதிரி தொண்டை அரிக்கும், நெஞ்சு குலுங்கும், படம் புகை மண்டிப்போய் விழும். இந்தப் பருவத்தில் பாதிப் படங்களையாவது திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு ஒன்றைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை.

அவளை அங்கே எல்லாரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் நாள் முழுக்கச் சொல்வது ஒரே பாட்டு.

“நிமிர்ந்து நில்லுங்க. தாடையைத் தூக்கி இது மேல வைங்க. கை ரெண்டும் இடுப்புல. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க… பிடிங்க… அசையாதீங்க.” பொத்தான். “விடலாம்.”

தூக்கத்தில்கூட இதையே சொல்வதாக அவள் தங்கச்சி கேலி செய்வாள். “உன் பக்கத்துல படுத்தா உன் பர்மிஷன் இல்லாம மூச்சு விட முடியாது போலிருக்கு” என்பாள்.

காலையில் வந்த பெயிண்டர் ஒருவருக்கு வலது பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தாலே கத்தியால் குத்துவது போல இருக்கிறது என்று விலாவைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார். கைக்குட்டையில் துருப்பிடித்த நிறத்தில் சளி. அப்படிப்பட்டவரால் அரை மூச்சுகூட இழுக்க முடியாது. ஆனால் அவள் சொன்னதும் மனிதர் முழு மூச்சையும் இழுத்து, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். அடுத்து ஒரு கைக்குழந்தை. அம்மாவின் மடியில் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கைக்குழந்தையிடம் யாரும் மூச்சைப் பிடி என்று சொல்வதில்லை, அழுகையில் மூச்சு இழுக்கும் நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான். ஆனால் பழக்க தோஷத்தில் அவள் வாய் “பிடிங்க” என்று சொல்லிவிட்டது. அழுகை நின்றது. வாய் திறந்தபடி, கண் அகன்றபடி, குழந்தை அப்படியே இருந்தது. “விடலாம்” என்றாள். விட்ட இடத்திலிருந்து அழுகை தொடர்ந்தது.

நெஞ்சு டாக்டருக்கு ஒரே குஷி. எப்போதும் வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு திரியும் இளவயசுக்காரர். திரையில் படங்களைப் பார்த்துவிட்டு நேரே அவள் அறைக்கே வந்துவிட்டார்.

“என்னக்கா, இன்னைக்குப் படமெல்லாம் பாடப்புத்தகத்துல போடற மாதிரி இருக்கு? சளி எங்க உக்காந்திருக்குன்னு விலாசத்தோட தெரியுது!”

“எல்லாரும் சொன்ன பேச்சு கேக்கறாங்க டாக்டர். அதான் பயமா இருக்கு.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் நீர் கோத்து, கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அவளுக்கும் தொண்டை சரியில்லை. வீட்டில் முதலில் மகளுக்குத்தான் ஆரம்பித்தது. சிட்டு என்று கூப்பிடும் அந்த ஆறு வயசுக் குருவி பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கொழுகலைக் கொண்டுவந்தது. பிறகு தொண்டை வலி, ராத்திரியெல்லாம் இருமல், அதை அப்படியே அம்மாவுக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது காய்ச்சலோடு படுத்திருந்தது. சிட்டுவின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர், வருஷத்தில் பாதி நாள் கடலில். இன்று லீவு போடலாம் என்றால் இன்னொரு டெக்னீஷியனும் இதே காய்ச்சலில் விழுந்துவிட்டான். தங்கச்சியைக் குழந்தையோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். பிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரைக் குடித்துக் குடித்துத்தான் குரலை இழுத்துப் பிடித்து வைத்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் வார்டு சிஸ்டர் டீயோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒரு வாய் குடித்தாள்.

“நேத்து நீங்க படம் எடுத்தீங்களே, டிரில் மாஸ்டர். அவர் போயிட்டாருக்கா.”

“அடடா. எப்போ?”

“பொழுது சாயற நேரம். வயசு, நிமோனியா, ரெண்டு பக்கமும் பரவிடுச்சு. எதிர்பார்த்ததுதான்.” சிஸ்டர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆனா நான் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். யாரா இருந்தாலும் கடைசியா மூச்சை விட்டுட்டுத்தான் போவாங்க. நீளமா ஒண்ணு வரும், அப்புறம் வராது. இவர் இழுத்தாரு. இழுத்ததை விடவே இல்ல. நெஞ்சு தூக்கின மேனிக்கு நின்னுடுச்சு. துணி போத்தினப்புறமும் இறங்கல. வீட்டுக்காரங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க, உயிர் இருக்கு, நல்லாப் பாருங்கன்னு.”

“உடம்பு விறைச்சிருக்கும்.”

“இருக்கும். ஆனா உங்க ரூம்லேர்ந்து வந்ததிலிருந்தே ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு. வாயை இறுக்கி மூடிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசல. மூக்கால துளித்துளியா உள்ள வாங்கினாரு. வெளிய விட்டதை நான் பாக்கவே இல்லக்கா. கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினாரு. பாத்ரூம் போகணுமோன்னு நினைச்சேன்.”

சிஸ்டர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எக்ஸ்ரேக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

நேற்றைய மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சக்கர நாற்காலியில் வந்த மனிதர், காய்ச்சலில் உடம்பு நடுங்கும்போதும் முதுகை வளைக்காதவர், பழைய கம்பளிச் சட்டையிலிருந்து தைல வாசனை மூக்கைத் துளைத்தது. நிற்க முடியுமா என்று கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது. “ஆயுசு பூரா நான் சொன்னேன், பிள்ளைங்க கேட்டாங்க. இன்னைக்கு நீ சொல்லும்மா, நான் கேக்கறேன். நீ சொல்லாம கையைக்கூட இறக்க மாட்டேன்.” எக்ஸ்ரே தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றார். அவள் இழுங்க என்றாள். பிடிங்க என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அவள் வெளியே ஓடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள், அவன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து ஏதோ முணுமுணுத்தான், அவனோடு ஒரு பாட்டம் வாய்ச்சண்டை போட்டாள். கரண்ட் வந்தது. திரும்பி வந்தால் மனிதர் இடுப்பில் கை வைத்து அதே நிலையில் நிற்கிறார். நல்லதாகப் போயிற்று என்று அப்படியே பொத்தானை அமுக்கினாள். அதற்குள் விபத்துக் கேஸ் ஒன்றை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள், வார்டு ஆள் அவசர அவசரமாக மாஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டுபோனான்.

கழுத்தைத் திருப்பி அவர் அவளைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. விடலாம் என்று அவள் சொல்லவில்லை.

பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். யாராவது அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்களா? அவள் சொல்லாவிட்டால் நுரையீரல் கேட்டுக்கொண்டா இருக்கும்? வெந்நீரைக் குடித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஆனால் காது மட்டும் அடங்கவில்லை. இத்தனை நேரம் இரைச்சலாக மட்டுமே இருந்த நடைவழியின் இருமல்கள் இப்போது தனித்தனியாகக் கேட்டன. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு வறட்டு இருமல், சளி கொழகொழக்கும் ஒரு ஈர இருமல், இருமி முடித்துக் கூவலாக மூச்சை இழுக்கும் ஏதோ ஒரு குழந்தை, மூச்சுக்கு மூச்சு விசில் அடிக்கும் ஆஸ்துமா நெஞ்சு, எல்லாம் கதவின் அடி இடுக்கு வழியாக மழை ஈரத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தன.

“இழுங்க… பிடிங்க…”

வெளியே எல்லாம் நின்றுவிட்டது. இருமல் இல்லை, கனைப்பு இல்லை, மூக்குறிஞ்சல் இல்லை. ஜன்னல் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்.

“விடலாம்.”

நடைவழி முழுக்க ஒரே நேரத்தில் இருமியது.

தற்செயல் என்று மனசுக்குச் சொன்னாள். மனசு கேட்கவில்லை.

அடுத்து வந்தது ஒரு தையல்காரம்மா. காய்ச்சலில் கண் சிவந்து, நடக்கும்போதே மூச்சு வாங்கியது. நிற்க வைத்து, தாடையைத் தூக்கி வைத்து, இழுங்க, பிடிங்க என்று சொல்லி முடிப்பதற்குள் மேஜைமேல் போன் அதிர்ந்தது. தங்கச்சி. வேலை நேரத்தில் போனை எடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்கு எடுத்தாள்.

“அக்கா, சிட்டுவுக்கு மூச்சு வாங்குது. காலைல சும்மா இருமிட்டுத்தான் இருந்தா. இப்போ வேகவேகமா இழுக்கறா, விலாவெல்லாம் உள்ள போகுது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகறா. பேசச் சொன்னா வார்த்தை பாதில நிக்குது.”

“உதடு? உதடு என்ன கலர்ல இருக்கு?”

“தெரியலக்கா, வெளிறிப் போயிருக்கு. நான் ஆட்டோ பிடிச்சுட்டேன். வந்துட்டே இருக்கேன்.”

“குனிய வைக்காத. மடியில நிமிர்த்தி உக்கார வை. வா, சீக்கிரம் வா.”

போனை வைத்தாள். டாக்டருக்குச் சொல்ல வேண்டும், அவசரப் பிரிவில் கட்டில் பார்க்க வேண்டும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டே திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை. நெஞ்சு தூக்கியபடி. கழுத்து நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது.

“விடலாம்! விடலாம்மா, விடுங்க!”

தையல்காரம்மா மூச்சை விட்டாள். முழங்கால் மடங்கித் தகட்டைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமினாள். எக்ஸ்ரேக்கா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

“என்னம்மா நீங்க, இவ்வளவு நேரமா பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?”

தையல்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

“நீங்க விடச் சொல்லலியே.”

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. மெஷின் ரிப்பேர் என்று கதவில் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, நெஞ்சு டாக்டரைத் தேடிப் போனாள். சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது அபத்தமாகக் கேட்டது. அவர் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“உங்களுக்கே காய்ச்சல் அடிக்குதுக்கா. குரல் பாருங்க, கரகரன்னு. மாத்திரை போட்டுட்டுப் பேசாம இருங்க. பேசினா இருக்கற குரலும் போயிடும்.”

அப்போதுதான் தங்கச்சி சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரத்தலையோடு உள்ளே ஓடி வந்தாள்.

தான் பெற்ற குழந்தையைக் கட்டிலில் மற்ற நோயாளிகளைப் போலப் பார்க்க நேர்ந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மூக்குத்துளைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தன. சட்டையைத் தூக்கியதும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய்ப் போய்க் குழி விழுந்தது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ‘ங்’ என்று ஒரு சின்ன முனகல். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார், கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். அவர் முகத்திலிருந்த விளையாட்டு இறங்கிவிட்டது.

“மேல இருந்த சளி கீழ இறங்கிடுச்சு. வலது பக்கம் அடில நொறநொறன்னு கேக்குது.”

“இந்த முனகல் எதுக்கு டாக்டர்?”

“காத்துப்பையெல்லாம் ஒட்டிக்கப் பாக்குது. ஒட்டிடக் கூடாதுன்னு குழந்தை தானாவே மூச்சை விடாம கொஞ்சம் பிடிச்சு வைக்குது. அந்தச் சத்தம்தான் இது.” ஊசிக்குச் சொன்னார், ஆக்சிஜன் மாஸ்க்கைச் சிட்டுவின் முகத்தில் பொருத்தினார். “வைரஸா பாக்டீரியாவான்னு ரத்தத்துல பாக்கலாம். இப்போ அவசரமா ஒரு படம் வேணும். நெஞ்சைச் சுத்தி நீர் கட்டியிருந்தா உடனே ட்யூப் போடணும்.”

“படம் இல்லாம முடியாதா?”

“நீங்களா இதைக் கேக்கறீங்க?”

எடுக்க வேறு ஆள் இல்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நடைவழி விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மெஷின் ரிப்பேர் என்ற அட்டையை நம்பாமல் வரிசை அப்படியே உட்கார்ந்திருந்தது. சிட்டுவைத் தூக்கிக்கொண்டு அவள் கடந்து போனபோது எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பெயிண்டர் ஏன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று தோன்றியது. தையல்காரம்மாவும் போகவில்லை. இருமிக்கொண்டே பார்த்தார்கள்.

ஒன்று மட்டும் முடிவு செய்திருந்தாள். வாயைத் திறக்கப் போவதில்லை. இழு, பிடி, எதுவும் கிடையாது. நெஞ்சு ஏறுகிற நேரம் பார்த்து அமுக்கிவிட்டு, குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான். படத்தில் குழாய் நிழல் விழாமலிருக்க மாஸ்க்கை ஒரு நிமிஷம் கழற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். கதிர் படாமலிருக்க ஈய ஏப்ரனைத் தங்கச்சிக்குக் கட்டிவிட்டு, சிட்டுவை ஸ்டூலில் உட்கார வைத்தாள். தங்கச்சி பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் வந்ததிலிருந்து இருமல்.

“அம்மா,” முனகலுக்கு நடுவில் சிட்டு கேட்டாள், “நீ சொல்லு… நான்… கரெக்டா… பண்றேன்.”

அவள் தன் உதட்டில் விரல் வைத்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. ங். ங். ங். பொத்தான்மேல் விரல். ஏறியது.

அமுக்கினாள்.

திரையில் படம் விழுந்தது. துல்லியமாக. வலது அடியில் வெள்ளைத் திட்டு. நீர் இல்லை. கடவுளே, நீர் இல்லை. நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

சிட்டுவின் தாடை தூக்கியிருந்தது. கை இரண்டும் இடுப்பில். தோள் முன்னால் தள்ளி, முதுகு நேராக. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

நெஞ்சு இறங்கவில்லை.

முனகல் நின்றிருந்தது. நடைவழி நின்றிருந்தது. மழை மட்டும்.

அவள் காத்திருந்தாள். இப்போது விடுவாள். குழந்தைதானே, விளையாடுகிறாள். இப்போது. சிட்டு கண்ணைக் கொட்டாமல் அம்மாவைப் பார்த்தாள். உதட்டோரம் நீலம் பூக்க ஆரம்பித்தது. பிடி என்று நான் சொல்லவே இல்லையே என்று அவள் மனசு கதறியது. சொல்லவே இல்லையே.

“விடலாம்” என்றாள்.

சிட்டு விட்டாள். நடைவழியும் விட்டது, புஸ்ஸென்று, எல்லார் மூச்சும் ஒன்றாக. பெஞ்சுகளில் அது அடங்கியது. சிட்டுவிடம் அடங்கவில்லை. ஒரே சீராக, கரகரப்பாக, வயசான ஓர் ஆண்பிள்ளையின் நெஞ்சிலிருந்து வருவது மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஆறு வயசுக் குழந்தைக்குள் அவ்வளவு காற்று கிடையாது. அறை முழுக்கத் தைல வாசனை. நனைந்த கம்பளி. விலாக்கள் ஒட்டின. கன்னம் ஒட்டியது. தோள் குறுகியது. வந்துகொண்டே இருந்தது.

அது சிட்டுவின் மூச்சு இல்லை.

“சிட்டு! போதும்! டாக்டர்! யாராவது வாங்க!” ஓடிப்போய்த் தூக்கினாள். கையில் கனமே இல்லை. சுருங்கிக்கொண்டே போன அந்த நெஞ்சைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள். “இழு! மூச்சை இழு!”

இழுத்தாள்.

சிட்டு இழுத்தாள். தங்கச்சி இழுத்தாள். வெளியே நடைவழி முழுக்க இழுத்தது, கதவு ஒருமுறை அதிர்ந்தது. பிறகு அமைதி.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஓடி வந்தார். வாசலில் நின்றார். கன்னத்தில் ஒதுக்கிய மிட்டாய். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். நிமிர்ந்த முதுகு, தூக்கிய தாடை. நெஞ்சு ஏறி நின்றது. கை இரண்டும் மெதுவாக இடுப்புக்குப் போயின.

“விடு” என்றாள் அவள். பயத்தில் அது கேள்வி மாதிரி வந்தது.

விட்டார்கள். சிட்டு விட்டாள். இந்தத் தடவை நின்றது. ஆனால் காலியாக நின்றது. அடுத்த மூச்சு தானாக வரவில்லை. நீலம் ஏறியது.

“இழு.”

இழுத்தாள். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு வந்தது.

“விடு.”

விட்டாள்.

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இழு. விடு. இழு. விடு. நிறுத்த முடியாது. குடிக்க முடியாது, அழ முடியாது, போனை எடுத்து யாரையும் கூப்பிட முடியாது. இழு. விடு. டாக்டர் வாசலில் அதற்கேற்ப ஏறி இறங்கினார். அவருக்குப் பின்னால் பெயிண்டர், தையல்காரம்மா, கைக்குழந்தை, அதன் அம்மா, மாஸ்க்கை இறக்கிவிட்ட சிஸ்டர். மாடிப்படி வரைக்கும். எல்லாரும் எழுந்து வரிசையாக நின்றிருந்தார்கள். இழு. விடு. தான் இழுக்க மறந்து அவளுக்கே மூச்சு முட்டியது. இழு. தொண்டையில் முள். விடு. குரல் உடைந்தது. இழு. கரகரப்பு. விடு. வெறும் காற்றில் பாதிக் குரல். இருமல் கிளம்பியது. அடக்கினாள். கண் பிதுங்க அடக்கினாள்.

“இழு.”

இழுத்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

நாக்கை ஈரப்படுத்தி மறுபடியும் திறந்தாள். உதடு அந்த வார்த்தையைச் செய்தது. தொண்டை செய்யவில்லை. கையை ஆட்டினாள். சிட்டுவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள், பலம் கொண்டமட்டும். பலகை மாதிரி இருந்தது, இறங்கவில்லை. தங்கச்சியின் காலைப் பிடித்து உலுக்கினாள். தரையை ஓங்கி அறைந்தாள். யாரும் தரையைப் பார்க்கவில்லை.

நடைவழி விளக்கின் கீழே வரிசை வரிசையாகத் தூக்கி நின்ற நெஞ்சுகள். இடுப்பில் கைகள். உதடுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டிருந்தன. மடியில் சிட்டு நேராக உட்கார்ந்து, கன்னம் உப்ப, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.